அப்பா இரண்டு பேரை நம்பினார்: நேரடி வரிகள் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறை அதிகாரிகளுக்கும்,

குன்னூருக்கு மேலே ஒரு மலைச்சரிவில் எங்கள் அப்பா 1983-இல் கட்டிய வீட்டை 2025 செப்டம்பரில் 54 லட்சம் ரூபாய்க்கு விற்றோம். வாங்கியவர் அண்டை வீட்டுக்காரர், தரகு எதுவும் இல்லை. அதற்கு மூலதன ஆதாய வரியாக, செஸ் உட்பட, 5,98,000 ரூபாய் கட்டியிருக்கிறோம். இதே வீட்டை, இதே நாளில், இதே விலைக்கு அப்பாவே விற்றிருந்தால் 4,97,536 ரூபாய் கட்டினால் போதும். மிச்சம் 1,00,464 ரூபாய் எதற்கு என்று கேட்டபோது ஆடிட்டர் சொன்ன காரணம் இதுதான்: அப்பா தன் உயிலில் நிறைவேற்றுநராக ஒருவரை எழுதியிருந்தால் இது வந்திருக்காது. அவர் இருவரை எழுதிவிட்டார்.

அந்த இருவர் நானும் என் அண்ணனும். பணம் போனது ஒரு பக்கம். அப்பா யோசித்து யோசித்துச் செய்த நல்ல காரியம் ஒன்று தவறாகிப்போனதுபோல எங்கள் முன்னால் கிடப்பதைத்தான் என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பா அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்த ஊர்க்காரர்களுக்கு அது இன்றும் கார்டைட் ஃபேக்டரிதான். சேமித்து வைத்த பணத்தில் ஒரு படகர் குடும்பத்திடம் 12 சென்ட் வாங்கினார். தேயிலை நின்ற சரிவு அது. சாலையிலிருந்து வீட்டுக்கு 62 படிகள். மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் ஏறிவந்த செங்கல்லும் மணலும் அந்தப் படிகளில் தலைச்சுமையாகத்தான் மேலே போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் மணல் சுமந்திருக்கிறான், நான் தண்ணீர் சுமந்திருக்கிறேன். 2009 நவம்பரில் நீலகிரி முழுக்க மண் சரிந்தபோது எங்கள் வீட்டின் பின்புற மேடும் இறங்கியது. வீடு தப்பியது. அடுத்த கோடையில் கையிலிருந்ததை எல்லாம் போட்டுப் பின்னால் தடுப்புச் சுவர் கட்டினார். பணி ஓய்வில் வந்த பணத்தின் மிச்சம் அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

2019-இல் உயில் எழுதிப் பதிவு செய்தார். அதில் சொன்னது எளிமையானது. தன் காலத்துக்குப் பிறகு வீட்டை விற்க வேண்டும். அந்தப் பணத்தில் அம்மாவுக்குச் சமவெளியில் ஒரு சின்ன வீடு வாங்க வேண்டும். மீதியை அண்ணன், நான், தங்கை மூவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, பனிக்காலத்தில் மூச்சிரைப்பு. 62 படிகள் அவருக்கு இனி ஆகாது என்று அப்பாவுக்குத் தெரியும். அந்த வேலையைச் செய்து முடிக்க இரண்டு பேரை நியமித்தார். நான் அப்போது கேட்டேன், “எதுக்குப்பா ரெண்டு பேரு, அண்ணன் ஒருத்தன் போதாதா?” அவர் சொன்னார்: “ஒருத்தர் கையில பணம் இருந்தா, நேர்மையா இருந்தாக்கூட மத்தவங்களுக்கு ஒரு நாள் சந்தேகம் வரும். ரெண்டு பேரா கையெழுத்து போடுங்க. பின்னாடி யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.”

மலைப்பகுதிக் குடும்பங்கள் சிதறிய குடும்பங்கள். பிள்ளைகள் படித்துவிட்டுத் திருப்பூர், கோவை, பெங்களூரு என்று இறங்கிவிடுகிறார்கள். மேலே ஒரு வீடும் இரண்டு முதியவர்களும் மிஞ்சுகிறார்கள். அந்த வீடு கைமாறும் நேரத்தில் சண்டை வராத குடும்பங்களை நான் அதிகம் கண்டதில்லை. எங்கள் வீட்டில் வரவில்லை. அதற்குக் காரணம் அந்த இரண்டு கையெழுத்துகள் என்று உறுதியாக நம்புகிறேன்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். நான் சட்டம் படித்தவள் இல்லை, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஆடிட்டரோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் விற்பனைக்குப் பொருந்துவது 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். அதன் 168-ஆம் பிரிவு, இறந்தவரின் சொத்து வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும் வரை அதிலிருந்து வரும் வருமானத்துக்கு உயில் நிறைவேற்றுநர் வரி கட்ட வேண்டும் என்கிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. நிறைவேற்றுநர் ஒருவராக இருந்தால் அவரைத் தனிநபராகக் கருத வேண்டும், ஒருவருக்கு மேல் இருந்தால் ‘நபர்களின் கூட்டமைப்பு’, ஆடிட்டர்கள் பேச்சில் ஏஓபி, என்று கருத வேண்டும் என்கிறது அதே பிரிவு. வரி விகிதத்தைப் பொறுத்தவரை, பல ஆண்டுகளாக இந்த வேறுபாடு எங்களைப் போன்றவர்களைப் பெரிதாகப் பாதித்திருக்காது. 2024-இல் அது பாதிக்கத் தொடங்கியது.

2024 ஜூலை 23 பட்ஜெட்டில் வீடு, நிலம் விற்பவர்களுக்கு இருந்த பணவீக்கச் சரிக்கட்டலை, அதாவது வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடும் வழியை, எடுத்துவிட்டு 12.5 சதவீத வரி கொண்டுவந்தீர்கள். நாடு முழுவதும் எதிர்ப்பு வந்தது. அதைக் காதில் வாங்கி ஆகஸ்ட் மாதமே திருத்தினீர்கள். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீட்டையோ நிலத்தையோ விற்பவர், சரிக்கட்டலோடு 20 சதவீதம், சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும் என்று ஆனது. அந்தத் திருத்தத்தை மனதார வரவேற்றவர்களில் அப்பாவின் பழைய ஃபேக்டரி நண்பர்கள் பலர் உண்டு. ஆனால் அந்தச் சலுகை இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கும் இந்து கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும். ஏஓபிக்கு இல்லை.

எங்கள் கணக்கைப் பாருங்கள். வீடு 2001-க்கு முந்தியது என்பதால், கட்டிய செலவுக்குப் பதிலாக 2001 ஏப்ரல் 1 அன்று அதன் மதிப்பு 8 லட்சம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்த 8 லட்சத்தைப் பற்றியும் எனக்குச் சொல்ல வேண்டியது உண்டு, பிறகு வருகிறேன். 2001-02-ஐ 100 என்று வைத்து 2025-26-க்கு நீங்கள் அறிவித்த பணவீக்கக் குறியீடு 376. அதன்படி 8 லட்சம் 30.08 லட்சமாகிறது. 54 லட்சத்தில் அதைக் கழித்தால் ஆதாயம் 23.92 லட்சம், 20 சதவீத வரி 4,78,400 ரூபாய். சரிக்கட்டல் இல்லாவிட்டால் ஆதாயம் 46 லட்சம், 12.5 சதவீத வரி 5,75,000 ரூபாய். இரண்டிலும் 4 சதவீத செஸ் சேரும். முதல் கணக்கு அப்பாவுக்குக் கிடைத்திருக்கும். அண்ணன் ஒருவனே நிறைவேற்றுநராக இருந்திருந்தால் அவனுக்கும் கிடைத்திருக்கும். எங்கள் இருவருக்கும் சேர்த்து இரண்டாவதுதான்.

இன்னொன்றையும் போட்டுப் பார்த்தேன். அப்பா உயிலே எழுதாமல் போயிருந்தால்? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவும் நாங்கள் மூவரும் ஆளுக்குக் கால் பங்கு. நால்வரும் சேர்ந்து விற்றிருந்தால் ஒவ்வொருவரும் அவரவர் பங்குக்குத் தனிநபராகவே வரி கட்டியிருப்போம். என் தங்கைக்குச் சொந்த வருமானம் கிடையாது. அவள் பங்கு ஆதாயம் 5.98 லட்சத்தில் அடிப்படை விலக்கான 4 லட்சத்தைக் கழித்தால் 1.98 லட்சம். அதற்கு வரி 39,600 ரூபாய். இப்போது நாங்கள் கட்டிய வரியைச் செஸ் இல்லாமல் நான்காகப் பிரித்தால் ஒரு பங்கு 1,43,750 ரூபாய். உயில் எழுதாதவரின் மகளுக்கு 39,600, உயில் எழுதிப் பதிவும் செய்தவரின் மகளுக்கு 1,43,750. எந்த அப்பாவுக்கு இந்தச் சட்டம் என்ன புத்தி சொல்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

இதைவிடவும் அம்மாவின் வீட்டு விஷயம்தான் எனக்கு ஆறவில்லை. குடியிருந்த வீட்டை விற்று வேறு வீடு வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கு ஆதாயத்துக்கு விலக்குக் கொடுக்கிறது 54-ஆம் பிரிவு. நாங்கள் காரமடையில் அம்மாவுக்கு 28 லட்சத்தில் ஒரு தரைத்தள வீடு வாங்கினோம். உயில் அதைத்தான் சொன்னது. அப்பாவே மலைவீட்டை விற்று அந்தக் காரமடை வீட்டை வாங்கியிருந்தால், சரிக்கட்டலோடு வரும் 23.92 லட்சம் ஆதாயம் முழுவதும் அந்த 28 லட்சத்துக்குள் அடங்கிவிடும். வரியே வந்திருக்காது. 54-ஆம் பிரிவும் தனிநபருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும்தான். விற்றது வீடு, வாங்கியது வீடு, குடியேறியது அதே கிழவி. அவர் கணவர் எழுதிவைத்தபடி அவருடைய பிள்ளைகள் இருவர் சேர்ந்து செய்தார்கள் என்பதற்காக அந்த விலக்கு இல்லாமல் போகிறது.

சட்டம் மற்ற இடங்களில் எங்களை அப்பாவின் இடத்தில்தான் நிறுத்துகிறது. 49-ஆம் பிரிவு, அப்பா கொடுத்த விலையே எங்கள் விலை என்கிறது. அவர் வைத்திருந்த ஆண்டுகளையும் சட்டம் எங்கள் கணக்கில் சேர்க்கிறது. உயில் மூலம் சொத்து வருவதை விற்பனையாகவோ வருமானமாகவோ பார்ப்பதில்லை. எஸ்டேட் டியூட்டி 1985-இலேயே போய்விட்டது. இவை எல்லாம் நியாயமான விதிகள். அப்பாவின் விலையையும் அப்பாவின் ஆண்டுகளையும் எங்களுக்குக் கொடுத்த சட்டம், அப்பாவுக்கு இருந்த வரித் தேர்வையும் விலக்கையும் மட்டும் ஏன் வாசலில் நிறுத்தி வாங்கிக்கொள்கிறது? இதற்கு ஒரு காரணம் எனக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டை முதலில் வாரிசுகள் பெயருக்கு மாற்றிவிட்டு அவர்கள் விற்றிருக்கலாமே என்பீர்கள். உயில் அப்படிச் சொல்லவில்லை, விற்றுப் பணத்தைப் பிரிக்கச் சொன்னது. எங்கள் இஷ்டத்துக்கு அதை மாற்ற எங்களுக்கு என்ன உரிமை? இரண்டு நிறைவேற்றுநர்களில் ஒருவர் ஆரம்பத்திலேயே விலகியிருக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். வரிக் கணக்குக்காக, அப்பா கேட்டுக்கொண்ட பொறுப்பிலிருந்து நான் விலகியிருக்க வேண்டுமாம். அது மட்டுமில்லை, கிரயம் முடிந்து முன்வரி கட்டும் நேரத்தில்தான் எங்களுக்கு இதெல்லாம் தெரியவந்தது. முன்கூட்டியே நல்ல ஆலோசகரைத் தேடிப் பணம் கொடுக்க முடிந்தவருக்கு ஒரு வரி, ஊரில் கேட்டு நடந்தவருக்கு வேறு வரி என்று இருக்கக் கூடாது.

பான் அட்டை வாங்கப் பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும். விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் வாங்குபவர் 1 சதவீதம், 54,000 ரூபாய், பிடித்துக் கட்ட வேண்டும். அதை அப்பாவின் பெயரில் கட்ட முடியாது, அவர் இல்லை. எங்கள் சொந்தப் பெயரில் கட்டினால் எங்கள் சொந்த வருமானமாகிவிடும். ஆக, அப்பாவின் சொத்துக்கென்று தனி பான் வேண்டும். விண்ணப்பத்தில் தனிநபர், கூட்டுக் குடும்பம், கம்பெனி, கூட்டு நிறுவனம், அறக்கட்டளை என்று வரிசையாக இருந்தது. இறந்தவரின் சொத்து என்று ஒரு கட்டம் இருக்கவில்லை. வேறு வழியின்றி ஏஓபி என்று குறித்தோம். கூட்டமைப்பின் ஒப்பந்தப் பத்திரத்தையோ பதிவுச் சான்றையோ கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். உயிலையும் இறப்புச் சான்றிதழையும் வைத்துக்கொண்டு நின்றோம். இரண்டு முறை போய் வந்த பிறகு, மூன்றாவது முறைதான் ஏற்றார்கள். அங்கே உட்கார்ந்திருந்த பையனைக் குறை சொல்ல மாட்டேன், அவன் முன்னால் இருந்த படிவத்தில் எங்களுக்கு இடமில்லை. ஆனால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய நீங்கள் வெளியிடும் ஐடிஆர்-5 படிவத்தில் இறந்தவரின் சொத்துக்கு இடம் இருக்கிறது. கணக்குக் கொடுக்கும்போது தெரிகிற ஆள், எண் கேட்கும்போது தெரியாமல் போகிறார். அந்த ஐடிஆர்-5 தனிநபர்களுக்கான படிவமும் இல்லை. ஒரே நிறைவேற்றுநர் என்றால் தனிநபர் என்று சட்டம் சொல்கிறது, படிவம் அவரைத் தனிநபர் அல்லாதவர்களோடு உட்கார வைக்கிறது. அவருக்கும் நாளை சிக்கல்தான்.

இப்போது அந்த 8 லட்சம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் நேரில் வந்து, படி ஏறி, அளந்து, 2001 ஏப்ரல் 1 அன்று எங்கள் வீட்டின் சந்தை மதிப்பு 12 லட்சம் என்று எழுதிக் கொடுத்தார். அதை வைக்க முடியவில்லை. 2020-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், அந்த மதிப்பு, பத்திரப்பதிவுக்கு அரசு எடுத்துக்கொண்ட அன்றைய முத்திரைத் தீர்வை மதிப்பைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டிவிட்டது. நகரத்தில் தெருவுக்குத் தெரு கைடுலைன் மதிப்பு இருக்கும். எங்கள் சர்வே எண் 2001-இன் பதிவேட்டில் தேயிலை நிலமாகவே கிடந்தது. வீடு எழும்பி 18 ஆண்டுகள் ஆகியிருந்தன, வீட்டு வரி ரசீது இருந்தது, மின் இணைப்பு இருந்தது. நிலத்துக்குத் தேயிலை விலை, கட்டடத்துக்குத் தனிக் கணக்கு, எல்லாம் கூட்டி 8 லட்சம். மலையில் ஒரு சதுர அடி கட்டுவதற்குச் சமவெளியைவிட எவ்வளவு கூடுதலாகும் என்று அந்தப் படிகளில் சுமந்தவர்களுக்குத் தெரியும்.

12 லட்சத்தையும் ஏற்று, சரிக்கட்டலையும் கொடுத்திருந்தால் அது 45.12 லட்சம். ஆதாயம் 8.88 லட்சம், 20 சதவீத வரி 1,77,600 ரூபாய். உண்மையில் அந்த வீடு ஈட்டிக் கொடுத்தது அந்த 8.88 லட்சம்தான். 24 ஆண்டுகளில் அதன் விலை நாலரை மடங்கு ஆனது, உங்கள் குறியீடே அதற்குள் 3.76 மடங்கு ஆகிவிட்டது. வீட்டு விலை பணவீக்கத்தைத் தாண்டி வேகமாக ஓடுகிறது என்றும் 12.5 சதவீதத்துக்கு நியாயம் சொல்லப்பட்டது. பெருநகரங்களில் அது சரியாக இருக்கலாம். சாலையே எட்டாத, 62 படிகள் ஏறிப் போக வேண்டிய வீட்டுக்கு அந்த ஓட்டம் கிடையாது. சரிக்கட்டல் அதிகம் தேவைப்படுவது இப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான்.

தடுப்புச் சுவருக்கான செலவையும் கணக்கில் சேர்க்க முடியவில்லை. அப்பா பில்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். பதினைந்து பருவமழைகளில் அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சை படிந்து கட்டியாகிவிட்டன. சுவர் மட்டும் நிற்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

என் கோரிக்கைகளை வெளிப்படையாகவே வைக்கிறேன்.

முதலாவது, நிதி அமைச்சகத்துக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒருவர் என்றால் தனிநபர், ஒருவருக்கு மேல் என்றால் கூட்டமைப்பு என்ற பழைய விதி அதிலும் தொடர்கிறது. அடுத்த நிதி மசோதாவிலேயே அதைத் திருத்துங்கள். நிறைவேற்றுநர்கள் எத்தனை பேராக இருந்தாலும், இறந்தவர் தனிநபராக இருந்தால் அவருடைய சொத்தையும் தனிநபராகவே கருதுங்கள். 20 சதவீதம், 12.5 சதவீதம் இரண்டில் குறைந்ததைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை, 2024 ஜூலை 23-க்கும் இந்தத் திருத்தத்துக்கும் இடையில் விற்றவர்களுக்கும் கொடுங்கள்.

இறந்தவரின் வீட்டை விற்று, உயில் சொன்னபடி அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ குடியிருக்க வீடு வாங்கினால், வீட்டுக்கு வீடு என்ற விலக்கு அதற்கும் உண்டு என்று சட்டத்தில் எழுதுங்கள். இரண்டில் ஒன்றைத்தான் தர முடியும் என்றால் இதை முதலில் தாருங்கள்.

வாரியத்துக்கு: சட்டம் திருத்தப்படும் வரை காத்திருக்காமல், இடர்ப்பாட்டைத் தணிக்க உங்களுக்கு இருக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்திச் சுற்றறிக்கை வெளியிடுங்கள். பான் விண்ணப்பத்தில் இறந்தவரின் சொத்துக்கென்று ஒரு கட்டம் சேர்த்து, உயிலும் இறப்புச் சான்றிதழும் போதும் என்று அறிவியுங்கள். மலைப்பகுதிகளில் 2001-இன் பதிவேடு வீட்டை விவசாய நிலமாகக் காட்டினால், அந்த மதிப்பை உச்ச வரம்பாக எடுக்காமல் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையை ஏற்க வழி செய்யுங்கள். கண்ணெதிரே நிற்கும் தடுப்புச் சுவருக்குப் பில் இல்லாவிட்டாலும் மதிப்பீட்டாளர் சொல்லும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இந்த மடலின் பிரதியை உயில், மதிப்பீட்டு அறிக்கை, வரி கட்டிய சலான் ஆகியவற்றின் நகல்களோடு பதிவுத் தபாலிலும் அனுப்புகிறேன். பதிலை எழுத்தில் தாருங்கள். அண்ணனும் நானும் இருவருமாகக் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்வோம்.

இப்படிக்கு,
உயில் நிறைவேற்றுநர்கள் இருவரில் ஒருத்தி,
குன்னூர் வட்டம், நீலகிரி மாவட்டம்